காலி வீடுகள் வாங்கித் தந்த பெயர்: பெர்லின் எப்படி ‘கூல்’ நகரம் ஆனது?

கேள்வி இது: போர், சுவர், உளவாளிகள் என்று மட்டுமே பேசப்பட்ட பெர்லின், ஒரு தலைமுறைக்குள் உலகத்து இளைஞர்கள் எல்லாம் போக ஆசைப்படும் ‘கூல்’ நகரமாக எப்படி மாறியது? அரசாங்கம் திட்டம் போட்டுச் செய்ததா? மற்ற ஊர்களும் அப்படிச் செய்ய முடியுமா?

அரசாங்கம் திட்டம் போட்டது உண்மைதான். ஆனால் அது வேறு திட்டம், அதுவும் படுத்துவிட்டது. அது படுத்துக் கிடந்த காலத்தில் பக்கத்திலேயே யாரும் கேட்காமல் ஒன்று முளைத்திருந்தது. பிறகு வந்து அதற்குப் பெயர்ப்பலகை மாட்டினார்கள். எப்படி என்று பார்க்க 1949 வரை பின்னால் போக வேண்டும்.

அப்போது நகரம் நான்கு நாட்டுப் படைகளின் கையில் இருந்தது. கிழக்கில், சோவியத் பகுதியில், மதுக்கடைகள் மேற்கைவிட ஒரு மணி நேரம் கழித்து மூடும். மேற்கில் கடை சாத்தியதும் வாடிக்கையாளர்கள் எழுந்து அங்கே போய்விடுவார்கள். ஹைன்ஸ் செல்லர்மாயர் என்ற ஓட்டல்காரர் அமெரிக்கத் தளபதி ஃபிராங்க் ஹவ்லியை நேரில் பார்த்து, மூடும் நேரம் என்பதையே எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். கையோடு ஒரு விஸ்கி பாட்டிலும் கொண்டுபோனார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். விஸ்கி வேலை செய்ததோ வாதம் வேலை செய்ததோ, மேற்கு பெர்லினில் மூடும் நேரம் போயிற்று. இன்று வெள்ளிக்கிழமை இரவு திறந்து திங்கள் காலை வரை ஓடும் கிளப்புகள் அங்கே இருக்கின்றன என்றால், அதற்கான கதவு அன்றே திறந்துவிட்டது.

1961-ல் சுவர் வந்தது. மேற்கு பெர்லின் கிழக்கு ஜெர்மனிக்கு நடுவில் ஒரு தீவு மாதிரி ஆனது. பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் போருக்குப் பிறகே மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட் என்று கிளம்பியிருந்தன. இருப்பவர்களாவது ஓடிவிடாமல் இருக்க மேற்கு ஜெர்மன் அரசு சம்பளத்துக்கு மேல் படி கொடுத்தது. இன்னொரு சலுகை, யாரும் திட்டமிடாதது: நேச நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், மேற்கு பெர்லினில் குடியிருக்கும் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஆக, வசதியும் வேலையும் தேடியவர்கள் வெளியேறினார்கள். பட்டாளத்துக்குப் போக மனமில்லாதவர்கள், மாணவர்கள், ஓவியர்கள், வாத்தியக்காரர்கள் உள்ளே வந்தார்கள். சுவரை ஒட்டியிருந்த கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் வாடகை மலிவு என்பதால் துருக்கியிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறினார்கள். டேவிட் போவி 1976-ல் வந்து ஷோனெபெர்க்கில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டில் தங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் போதைப் பழக்கத்தால் உடம்பு கெட்டுப்போயிருந்தவருக்கு, தெருவில் நடந்தால் யாரும் சட்டை செய்யாத ஒரு ஊர் தேவைப்பட்டது.

அந்தக் காலத்து ஓட்டைகளில் ஒன்று நம்மவர்களுக்கும் வழி விட்டது. 1980-களின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வழியாக மேற்கே போய்த் தஞ்சம் கேட்டார்கள். சுவரை ஒரு நாட்டின் எல்லையாக மேற்குத் தரப்பு ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால் அந்தப் பக்கம் நின்று கடவுச்சீட்டு பார்க்க ஆளும் இல்லை. 1985-ல் இரண்டு அரசுகளும் பேசி அந்த வழியை அடைத்தன. அதற்குள் வந்து சேர்ந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. நொய்க்கோல்ன் வட்டாரத்தில் கோபுரத்தோடு முருகன் கோயிலும் இருக்கிறது. இதை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஊரின் கதை முழுவதும் சட்டத்தின் இடுக்குகளில் ஆட்கள் நுழைந்த கதைதான்.

சுவர் விழுந்த 1989 நவம்பருக்குப் பிறகு திறந்தது எல்லாவற்றிலும் பெரிய இடுக்கு. கிழக்கு பெர்லினின் மிட்டே, பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதிகளில் நூறு வருடக் கட்டடங்கள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. கரி அடுப்பு வைத்துச் சூடாக்கும் அறைகள், மாடிப்படி நடுவில் பொதுக் கழிப்பறை, போரின் குண்டுக் காயம் ஆறாத சுவர்கள். கிழக்கு ஜெர்மன் அரசு இவற்றைப் பழுது பார்க்காமல் புறநகரில் கான்கிரீட் அடுக்குமாடிகள் கட்டிக்கொண்டிருந்தது. சரி, சுவர் போன பிறகு மேற்கிலிருந்து பணம் வந்து இவற்றை உடனே வாங்கியிருக்க வேண்டாமா? வாங்க முடியவில்லை. யாருடைய வீடு என்றே தெரியவில்லை. பல கட்டடங்கள் நாஜி காலத்தில் யூதர்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. பிறகு அவற்றை கிழக்கு ஜெர்மன் அரசு தனதாக்கியது. ஒன்றிணைந்த ஜெர்மனி ‘பணம் கொடுப்பதைவிடச் சொத்தைத் திருப்பிக் கொடுப்பதே முதல் வழி’ என்று சட்டம் போட்டது. நியாயமான சட்டம். ஆனால் வாரிசுகளைத் தேடி, பத்திரம் பார்த்து, வழக்கு முடிய வருடக் கணக்கில் ஆனது. அதுவரை கட்டடத்தை விற்கவும் முடியாது, இடிக்கவும் முடியாது. சும்மா கிடந்து வீணாவதைவிட யாராவது இருக்கட்டும் என்று மிட்டே பகுதியின் வீட்டுவசதி நிறுவனம் கலைஞர்களுக்குத் தற்காலிக ஒப்பந்தத்தில், பெயரளவு வாடகைக்குக் கொடுத்தது. அதுகூடக் கேட்காமல் பூட்டை உடைத்துக் குடியேறியவர்கள் இன்னும் அதிகம். ஓரானியன்பர்கர் தெருவில் இடிக்கக் காத்திருந்த பழைய வணிக வளாகத்தை 1990 பிப்ரவரியில் கலைஞர்கள் கைப்பற்றி ‘டாகெலெஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆகுஸ்ட் தெருவில் ஒரு பழைய மார்கரின் தொழிற்சாலை, நவீனக் கலைக்கூடம் ஆனது. 1998-ல் முதல் பெர்லின் பியன்னாலே (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) அங்கிருந்துதான் கிளம்பியது.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1990 நவம்பரில் மைன்ட்சர் தெருவில் குடியேறியிருந்தவர்களை வெளியேற்ற ஆயிரக்கணக்கில் போலீஸ் வந்தது. தெருச் சண்டையே நடந்தது. அந்த விவகாரத்தில் மேற்கு பெர்லினின் கூட்டணி அரசே உடைந்தது.

ஒரு இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். போட்ஸ்டாமர் பிளாட்ஸுக்குப் பக்கத்தில், லைப்சிகர் தெருவில், போருக்கு முன்னால் வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தின் பிரம்மாண்டமான பல்பொருள் அங்காடி இருந்தது. நாஜிகள் குடும்பத்திடமிருந்து அதைப் பிடுங்கினார்கள். குண்டுவீச்சில் சேதமான கட்டடத்தைக் கிழக்கு அரசு 1950-களில் இடித்தது. பிறகு சுவர் வந்ததால் அந்த மண் யாரும் மிதிக்காத எல்லைப் பகுதியாகிவிட்டது. 1990-91 குளிர்காலத்தில் டிமித்ரி ஹேகெமன் என்ற இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் நண்பர்களும் காலி இடம் தேடி அலைந்தபோது, தரைக்கு அடியில் அங்காடியின் பெட்டக அறை அப்படியே இருப்பதைக் கண்டார்கள். கனத்த இரும்புக் கம்பிக் கதவு. சுவரோடு சுவராக நூற்றுக்கணக்கில் துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டகச் சிறு கதவுகள், சில பிளந்து தொங்கிக்கொண்டு. தலையில் இடிக்கிற மாதிரி தாழ்ந்த கூரை. 1991 மார்ச்சில் அங்கே ‘ட்ரேசோர்’ கிளப் திறந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து வந்த கறுப்பின இசைக்கலைஞர்களின் டெக்னோ இசை அந்தக் கான்கிரீட்டில் மோதி எதிரொலித்தபோது, கிழக்கு இளைஞனும் மேற்கு இளைஞனும் ஒரே அறையில் ஆடினார்கள். பாட்டில் வார்த்தை இல்லை என்பது ஒரு வசதி: யார் எந்தப் பக்கம் என்று பேச்சில் தெரிந்துவிடும், ஆட்டத்தில் தெரியாது. ட்ரேசோர் 2005-ல் அந்த இடத்தைக் காலி செய்து, பிறகு ஒரு பழைய மின் நிலையத்துக்கு மாறியது. பழைய இடத்தில் 2014 முதல் ‘மால் ஆஃப் பெர்லின்’ என்ற ஷாப்பிங் மால் இருக்கிறது.

அரசாங்கம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? அதன் கனவு கண்ணாடிக் கோபுரங்கள். 1991 ஜூனில் நாடாளுமன்றம் 338-க்கு 320 என்ற வாக்கில் நாடாளுமன்றத்தையும் அரசையும், மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரிலிருந்து பெர்லினுக்கு மாற்ற முடிவு செய்தது. உடனே மக்கள் தொகை ஏறும், உலக நிறுவனங்கள் வரிசையில் நிற்கும், பாரிஸுக்கும் லண்டனுக்கும் சமமாகிவிடுவோம் என்று கணக்குப் போட்டார்கள். போட்ஸ்டாமர் பிளாட்ஸை டைம்லர்-பென்ஸுக்கும் சோனிக்கும் கொடுத்தார்கள். 2000 ஒலிம்பிக்கைக் கேட்டார்கள். 1993 வாக்கெடுப்பில் கிடைத்தது 9 வாக்கு, போட்டி சிட்னிக்குப் போனது. நகரைச் சந்தைப்படுத்த 1994-ல் ஒரு நிறுவனம் தொடங்கி ‘புதிய பெர்லின்’ என்று விளம்பரம் செய்தார்கள். காட்டுவதற்கு இன்னும் ஒன்றும் கட்டி முடியாததால் கட்டுமான வேலையையே காட்டினார்கள். லைப்சிகர் பிளாட்ஸில் கம்பங்கள் மேல் சிவப்புப் பெட்டி மாதிரி ஒரு பார்வைக் கூடம் அமைத்து, கிரேன்களைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். ஆச்சரியம், லட்சக்கணக்கில் கூட்டம் வந்தது. அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கிரேன் போன பிறகு எழுந்து நின்ற அலுவலகக் கட்டடங்களைப் பார்க்க யாரும் விமானம் ஏறி வரவில்லை.

நகரத்தின் முகத்தை அந்தப் பத்து வருடத்தில் உண்மையிலேயே மாற்றிய அதிகாரபூர்வ நிகழ்ச்சி என்று கேட்டால் 1995-ஐச் சொல்வேன். கிறிஸ்டோ, ஜான்-கிளாட் என்ற கலைஞர் தம்பதி, ரைஷ்டாக் நாடாளுமன்றக் கட்டடம் முழுவதையும் வெள்ளி நிறத் துணியால் போர்த்த வேண்டும் என்று 1970-களிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிரதமர் ஹெல்முட் கோல் எதிர்த்தார். 1994-ல் நாடாளுமன்றமே இதை விவாதித்து, 292-க்கு 223 வாக்கில் அனுமதி தந்தது. செலவு முழுவதையும் கலைஞர்களே தங்கள் வரைபடங்களை விற்றுச் சமாளித்தார்கள். ஜூன் 24 தொடங்கி இரண்டு வாரம், ஒரு லட்சம் சதுர மீட்டர் துணி, நீலக் கயிறு. ஐம்பது லட்சம் பேர் வந்தார்கள். 1933-ல் தீப்பற்றியதும், 1945-ல் சோவியத் கொடி ஏறியதும்தான் அதுவரை அந்தக் கட்டடத்தின் படங்கள். அந்தக் கோடையில் அதன் முன் புல்வெளியில் குடும்பங்கள் படுத்துக்கிடந்தன. ஜெர்மனி என்றாலே விறைப்பு என்று நினைத்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகைகள் வேறு மாதிரி எழுத ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

அதே சமயம் தெருவில் ‘லவ் பரேட்’ வளர்ந்துகொண்டிருந்தது. 1989 ஜூலையில், சுவர் விழுவதற்கு முன்பே, சுமார் 150 பேர் ஒரு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ஆடிக்கொண்டு போனார்கள். அரசியல் ஆர்ப்பாட்டம் என்று பதிவு செய்திருந்ததால் போலீஸ் பந்தோபஸ்துக்கும் தெருக் கூட்டுவதற்கும் செலவு அரசுடையது. பத்து வருடத்தில் கூட்டம் 15 லட்சம் என்றார்கள். 2001-ல் நீதிமன்றம், இது ஆர்ப்பாட்டம் இல்லை என்றது. நல்லவேளை, பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இப்போது திருப்பம். எதிர்பார்த்த மக்கள் வரவில்லை. வீடுகளும் அலுவலகங்களும் கட்டிக் காலியாகக் கிடந்தன. நகர அரசுக்குப் பெரும்பங்கு இருந்த ஒரு வங்கி நிலச் சொத்துகளில் போட்ட பணம் மூழ்கி, 2001-ல் மேயரின் அரசு கவிழ்ந்தது. அந்த வங்கியைக் காப்பாற்ற நகரம் இருபது பில்லியன் யூரோவுக்கு மேல் உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. புதிய மேயராக வந்த கிளாவ்ஸ் வோவெரைட், தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று கட்சி மேடையிலேயே சொல்லிவிட்டுத் தேர்தலுக்குப் போனவர். ஒரு பக்கம் கடுமையான சிக்கனம். இன்னொரு பக்கம் 2003-ல் ஒரு பேட்டியில், பெர்லின் ஏழைதான், ஆனால் கவர்ச்சியானது என்றார். அந்த வரி எந்த விளம்பர நிறுவனமும் செய்யாததைச் செய்தது. இல்லாமையை மறைப்பதை விட்டுவிட்டு அதையே சரக்காகக் கடைபரப்பியது. கடனைக் குறைக்க மத்திய அரசு உதவ வேண்டும் என்று 2006-ல் பெர்லின் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனபோது மனு தள்ளுபடியானது. அவ்வளவு ஏழையாக இல்லாததால்தான் இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ என்னவோ என்று நீதிபதி ஒரு போடு போட்டார்.

2008-ல்தான் ‘பி பெர்லின்’ என்ற முறையான விளம்பர இயக்கம் வந்தது. பெர்லினின் பெயரை அதுதான் மாற்றியது என்று சந்தைப்படுத்தல் வகுப்புகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தேதியைப் பாருங்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே பழைய மின் நிலையம் ஒன்றில் ‘பெர்க்ஹைன்’ கிளப் திறந்தாயிற்று. அதே 2004-ல் ஈஸிஜெட் ஷோனெஃபெல்டில் தளம் போட்டு, லண்டன் பையன்கள் ஒரு ராத்திரி ஆட்டத்துக்கு வந்துபோகும் டிக்கெட்டை மலிவாக்கியும் விட்டது. வாசலில் நின்று, காரணம் சொல்லாமல் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும் காவலாளி; உள்ளே போகும்போது போன் கேமராவின் மேல் ஒட்டப்படும் சின்ன வட்ட ஸ்டிக்கர். படமே வெளிவராத ஒரு இடம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. இதைவிடப் பெரிய விளம்பரத்தை எந்தச் சுற்றுலாத் துறையும் காசு கொடுத்து வாங்க முடியாது.

பலன் வந்தது. 2003-ல் சுற்றுலாப் பயணிகள் தங்கிய இரவுகள் சுமார் 1.1 கோடி, 2019-ல் 3.4 கோடி. ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள் வந்தன, வேலையின்மை இறங்கியது. இதை இல்லை என்று சொல்வது நேர்மை ஆகாது. 2005-ல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லாத ஊர் அது.

ஆனால் பில் யாருக்கு வந்தது என்று பாருங்கள். பெர்லின்வாசிகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் வாடகை வீட்டில் இருப்பவர்கள். 2004-ல் சிக்கனக் காலத்தில், நகர அரசு தன் வீட்டுவசதி நிறுவனம் ஒன்றை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு அமெரிக்க முதலீட்டு நிதிகளிடம் விற்றது. நிறுவனத்தின் பழைய கடன்களும் வாங்கியவர்கள் தலையில் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021-ல் பெரிய வீட்டு நிறுவனங்களிடமிருந்து 15,000-க்கும் குறைவான வீடுகளைத் திரும்ப வாங்கியபோது நகரம் கொடுத்தது 240 கோடி யூரோவுக்கு மேல். நடுவில் நடந்தது என்ன? ஊருக்குப் பெயர் வந்தது, அவ்வளவுதான். பெயரை உண்டாக்கியவர்கள் வேறு, அதன் விலையைப் பையில் போட்டவர்கள் வேறு. 2008-க்கும் 2018-க்கும் இடையில் புதிதாக வீடு தேடுபவர்களிடம் கேட்கும் வாடகை ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

முதலில் அடி வாங்கியது கிராய்ட்ஸ்பெர்க். பல இனங்கள் கலந்து வாழும் துடிப்பான பகுதி என்று சுற்றுலாக் கையேடுகள் கொண்டாடியது அங்கே நாற்பது வருடமாக இருந்த துருக்கிக் குடும்பங்களைத்தான். 2012 மே மாதம் கோட்புசர் டோர் ரயில் நிலையத்துக்கு எதிரே, வாடகை ஏற்றத்தை எதிர்த்து அந்தக் குடும்பங்களும் மற்ற குடித்தனக்காரர்களும் பலகைகளை அடித்து ஒரு குடில் போட்டார்கள். துருக்கியில் புறம்போக்கில் ராவோடு ராவாகக் கட்டும் வீட்டுக்கு உள்ள பெயரையே அதற்கு வைத்து, தேநீர் போட்டுக்கொண்டு முறை வைத்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச தூரத்தில் குவ்ரி தெருவில் இத்தாலிய ஓவியர் பிளூ வரைந்த இரண்டு பெரிய சுவரோவியங்கள் இருந்தன. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்காமல் போக மாட்டார்கள். எதிரே வரப்போகும் அடுக்குமாடிக்கு அவை இலவச அழகாக இருக்கக் கூடாது என்று, 2014 டிசம்பரில் ஓவியர் சம்மதத்தோடு ஒரே இரவில் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள்.

மக்கள் வாக்குப் போட்டும் பார்த்தார்கள். 2008-ல் ஸ்ப்ரே ஆற்றங்கரையில் ஊடக நிறுவனக் கட்டடங்கள் கட்டும் திட்டத்துக்கு எதிராக அந்த வட்டாரத்தில் 87 சதவீதம் வாக்கு விழுந்தது. கட்டாயப்படுத்தாத வாக்கெடுப்பு என்பதால் பெரும்பாலானவை எழும்பிவிட்டன. 2014-ல் டெம்பெல்ஹோஃப் பழைய விமான நிலைய மைதானத்தில் ஒரு மூலையில்கூட வீடு கட்டக் கூடாது என்று 64 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், இது சட்டமானது. 2020-ல் நகர அரசு கொண்டுவந்த வாடகை உச்சவரம்பை அடுத்த ஆண்டே அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. 2021 செப்டம்பரில் பெரிய வீட்டு நிறுவனங்களின் சொத்தைப் பொதுவுடைமை ஆக்கலாம் என்று 59 சதவீதம் வாக்களித்தார்கள். ஆனால் அது அரசுக்குக் கோரிக்கை மட்டுமே என்பதால் இழுபறியாகவே கிடக்கிறது.

இதற்கிடையில் ஒரு காலத்தில் பூட்டை உடைத்து ஆடிய ஆட்டத்துக்கு அங்கீகாரம் வந்தது. 2016-ல் பெர்க்ஹைன் இரவுகளைக் கச்சேரி மாதிரிக் கருதி 19 சதவீத வரிக்குப் பதில் 7 சதவீதம் போதும் என்று வரி நீதிமன்றம் சொன்னது. கிளப்புகளுக்குச் சத்தம் தடுக்கும் சுவர் போட நகர அரசு பத்து லட்சம் யூரோ ஒதுக்கியது. 2024-ல் பெர்லின் டெக்னோ ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதே ஆண்டு இறுதியில் நகர அரசு கலாசாரத்துக்கான பட்ஜெட்டில் சுமார் 13 கோடி யூரோ வெட்டியது. ஆற்றங்கரையில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய ‘வாட்டர்கேட்’ கிளப் புத்தாண்டு ஆட்டத்தோடு கதவைச் சாத்தியது. மரபு என்று பட்டியலில் ஏற்றியதும் வாடகை இறங்கிவிடாது அல்லவா?

மற்ற ஊர்களும் செய்யலாமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மேலிருந்து திட்டமிட்டு முகம் மாற்றிய ஊர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ 1983-ல் விளம்பரத்தில் தொடங்கி 1990-ல் ஐரோப்பியக் கலாசார நகரம் ஆனது. ஸ்பெயினின் பில்பாவோ 1997-ல் குகன்ஹைம் அருங்காட்சியகத்தைத் திறந்தது. இரண்டிலும் அரசு பெரும் பணம் கொட்டியது. பில்பாவோவில் அருங்காட்சியகத்தோடு மெட்ரோ ரயிலும் ஆற்றைச் சுத்தம் செய்யும் வேலையும் சேர்ந்தே நடந்தன. அதை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் நகலெடுத்த ஊர்கள் ஏமாந்தன. அப்படி ஒரு வழி இருக்கிறது, செலவு அதிகம், ஆனால் திட்டமிட முடியும்.

பெர்லின் வழியைத் திட்டமிட முடியாது. அதற்கு ஒரு நகரம் பிளந்து, நாற்பது வருடம் கழித்து ஒட்டி, பாதி ஊருக்குச் சொந்தக்காரர் யார் என்றே தெரியாமல் போக வேண்டும். எந்த மேயரும் அதைத் திட்டமாக எழுத மாட்டார். ஆனால் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளலாம்: வழக்கிலும் கோப்பிலும் சிக்கிப் பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களை, முடிவு வரும்வரை குறைந்த வாடகைக்குத் திறந்துவிடுவது. மிட்டேயின் வீட்டுவசதி நிறுவனம் செய்தது அவ்வளவுதான். கூடவே பெர்லின் செய்யத் தவறியதையும் செய்ய வேண்டும். ஊருக்குப் பெயர் வரும் முன்னால், வாடகை மலிவாக இருக்கும்போதே, அந்த வீடுகளில் ஒரு பங்கை விற்க முடியாதபடி நகராட்சி அல்லது குடியிருப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் பதிந்துவிட வேண்டும். வியன்னா அப்படித் தன் கையில் சுமார் 2,20,000 வீடுகளை வைத்திருக்கிறது. அந்த ஊரைக் ‘கூல்’ என்று யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அங்கே வாடகை கொடுப்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.